சூடு போதவில்லை: பூனைக்கண் நெபுலாவின் வெப்பக் கணக்கு

பதினேழு லட்சம் டிகிரி. ஒரு வாயுவின் வெப்பநிலை இவ்வளவு என்று சொன்னால் யாரும் "அடேங்கப்பா" என்றுதான் சொல்வார்கள். 2001-இல் இந்த எண்ணை வெளியிட்ட வானியலாளர்களுக்கு ஏற்பட்ட வியப்பு வேறு வகை. ஏற்கெனவே இருந்த கணக்குப்படி அந்த வாயு இரண்டரைக் கோடி டிகிரிக்கும் மேல் இருந்திருக்க வேண்டும். கிடைத்ததோ அதில் பதினைந்தில் ஒரு பங்கு. மீதிச் சூடு எங்கே போனது என்ற கேள்வி அன்றிலிருந்து இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள வானியல் படித்திருக்க வேண்டியதில்லை. மூன்று விஷயங்கள் தெரிந்தால் போதும்: அந்த வாயு ஏன் சூடானது, அதை ஏன் எக்ஸ் கதிரில் பார்க்க வேண்டும், பார்த்ததிலிருந்து வெப்பநிலையை எப்படிப் படித்தெடுக்கிறார்கள்.

வாயு இருக்கும் இடம் பூனைக்கண் நெபுலா என்ற ஒளிரும் வாயு மேகம். பட்டியல் எண் என்ஜிசி 6543. டிராகோ என்ற வடக்கு விண்மீன் கூட்டத்தில், நம்மிடமிருந்து 3,000 ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருக்கிறது. சென்னையிலிருந்து பார்த்தால் ஜூலை மாத முன்னிரவில் வடக்கே, அடிவானத்திலிருந்து 36 டிகிரி உயரம் வரை ஏறும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஓரளவு நல்ல தொலைநோக்கி இருந்தால் பச்சை சாயல் கொண்ட சின்ன வட்டமாகத் தெரியும். இணையத்தில் சுற்றும், ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படத்தை மனதில் வைத்துக்கொண்டு பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம் நிச்சயம்.

ஹபிள் படத்தில் இருப்பது ஒரு சிக்கல் குவியல். நடுவில் விண்மீன், அதைச் சுற்றி முட்டை வடிவக் கூடு, அதன் மேல் பின்னிக்கிடக்கும் வளைவுகள், இரு முனைகளிலும் பீய்ச்சியது போன்ற கீற்றுகள். இவற்றுக்கு வெளியே ஒன்றுக்குள் ஒன்றாகப் பதினொன்றுக்கும் குறையாத மெல்லிய வளையங்கள். ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த விண்மீன் தன் உடம்பிலிருந்து ஒரு படலத்தை உதறியிருக்கிறது என்று அந்த வளையங்களின் இடைவெளியை வைத்துச் சொல்கிறார்கள். இந்த வகை நெபுலாக்களிலேயே இவ்வளவு சிக்கலான வடிவம் கொண்டவை மிகச் சில.

இந்த வகைக்குக் கோள் நெபுலா என்று பெயர். கோள்களுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பழைய தொலைநோக்கிகளில் கோள் போல வட்டமாகத் தெரிந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். நம் சூரியனைப் போன்ற, அல்லது அதைவிடச் சில மடங்கு பெரிய விண்மீன் ஒன்று வயதாகும்போது ஊதிப் பெருத்துச் சிவக்கிறது. அந்தக் கட்டத்தில் தன் மேலடுக்குகளை மெதுவான காற்றாக வெளியே விடுகிறது. மெதுவான என்றால் வினாடிக்குப் பத்து, இருபது கிலோமீட்டர். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படி உதிர்ந்து முடிந்த பிறகு உள்ளே இருந்த சூடான கரு வெளிப்படுகிறது. அந்தக் கருவும் காற்று வீசுகிறது. பொருள் குறைவு, வேகம் பயங்கரம். பூனைக்கண்ணின் மைய விண்மீன் வீசும் காற்று வினாடிக்குச் சுமார் 1,400 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. கன்னியாகுமரியிலிருந்து டெல்லியை இரண்டு வினாடிக்குள் தாண்டிவிடும் வேகம் அது. புற ஊதா ஒளியைப் பிரித்துப் பார்த்த செயற்கைக்கோள்கள் அளந்து கொடுத்த எண் இது.

முன்னால் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும் அடர்ந்த வாயு. பின்னால் இருந்து துரத்தி வந்து முட்டும் வேகமான வாயு. கோள் நெபுலாக்களின் கூடு இந்த மோதலில்தான் உருவாகிறது என்ற விளக்கத்தை 1978-இல் சுன் குவோக்கும் அவருடைய இரு சகாக்களும் முன்வைத்தார்கள். இன்று பாடப்புத்தகங்களில் இருப்பது அதுதான். அந்த விளக்கத்துக்குள்ளேயே ஒரு கணிப்பும் ஒளிந்திருந்தது: கூட்டுக்கு உள்ளே, கண்ணுக்குத் தெரியாத, மிகச் சூடான வாயு நிரம்பிய ஒரு குமிழி இருந்தாக வேண்டும்.

அதற்கு வருவதற்கு முன் இந்த நெபுலாவின் பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெப்பநிலையைப் படிக்கும் வித்தை அங்கேதான் தொடங்குகிறது.

பச்சைக் கோடு

இதை முதலில் பதிவு செய்தவர் வில்லியம் ஹெர்ஷல், 1786 பிப்ரவரி 15 அன்று. அப்போது நெபுலாக்கள் என்றால் என்ன என்பதே விவாதத்தில் இருந்தது. தொலைவில் இருப்பதால் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாத விண்மீன் கூட்டங்கள்தாம் எல்லாமே என்று ஒரு கட்சி. இல்லை, உண்மையிலேயே ஒளிரும் வாயு என்று இன்னொரு கட்சி. 1864 ஆகஸ்ட் 29 இரவு லண்டனின் டல்ஸ் ஹில் பகுதியில் தன் வீட்டு வானாய்வகத்திலிருந்து வில்லியம் ஹக்கின்ஸ் தொலைநோக்கியை இதன் பக்கம் திருப்பி, வரும் ஒளியை நிறம்வாரியாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைக் கருவி வழியாகப் பார்த்தார். விண்மீன் கூட்டமாக இருந்தால் வானவில் போலத் தொடர்ச்சியான பட்டை தெரிந்திருக்கும். அவர் பார்த்தது இருட்டின் நடுவே ஒரு சில பிரகாசமான கோடுகள். வாயுவின் அடையாளம் அது. நெபுலா என்பது வாயுவாகவும் இருக்கலாம் என்று முதன்முதலாக நிறுவப்பட்டது பூனைக்கண்ணை வைத்துத்தான்.

அந்தக் கோடுகளில் பிரகாசமான பச்சைக் கோடு பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. புதுத் தனிமம் என்று நினைத்து அதற்கு நெபுலியம் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஹீலியத்தையே முதலில் சூரியனில் கண்டு, பிறகுதான் பூமியில் பிடித்தார்கள் என்பதால், அந்தக் காலத்தில் இது பைத்தியக்கார யோசனை அல்ல. 1927-இல் அமெரிக்க இயற்பியலாளர் ஐரா போவன் முடிச்சை அவிழ்த்தார். அது நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன்தான். எட்டு எலக்ட்ரான்களில் இரண்டை இழந்த ஆக்சிஜன். நெபுலாவின் வாயு அவ்வளவு மெலிதாக இருப்பதால், பூமியின் ஆய்வகத்தில் வெளிப்பட வாய்ப்பே கிடைக்காத அந்தக் கோடு அங்கே தாராளமாக ஒளிர்கிறது.

இரண்டு எலக்ட்ரான் இழந்த ஆக்சிஜன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோடுகளின் பிரகாச விகிதங்களை வைத்து அந்தப் பளிச்சென்ற கூட்டின் வெப்பநிலையைக் கணக்கிட முடியும். ஏறத்தாழ 8,000 முதல் 9,000 டிகிரி. சூரியனின் மேற்பரப்பைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஹபிள் படத்தில் நாம் பார்த்து ரசிப்பது முழுவதும் இந்த வாயுவைத்தான்.

வேகம் வெப்பமாகும் இடம்

இப்போது உள்ளே இருக்கும் குமிழி. அங்கே எதுவும் எரியவில்லை. நெருப்பும் இல்லை, அணுக்கரு வினையும் இல்லை. பிறகு எப்படிச் சூடு?

சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் தொட்டியின் அடியில் விழும் இடத்தைப் பாருங்கள். விழுந்த இடத்தைச் சுற்றித் தண்ணீர் கண்ணாடி போல மெல்லிய தகடாக வேகமாகப் பரவும். கொஞ்ச தூரம் போனதும் திடீரென்று ஒரு வட்ட வரம்பு எழும்பி நிற்கும். வரம்புக்கு உள்ளே தண்ணீர் மெலிது, வேகம் அதிகம். வெளியே தடிமன் அதிகம், வேகம் குறைவு, கலங்கலும் அதிகம். ஓட்டத்தின் வேகம் அந்த வரம்பில் வேறு ஆற்றலாக மாறிவிடுகிறது. விண்மீன் காற்றும் இப்படித்தான். மையத்திலிருந்து சீறிக் கிளம்பி, முன்னால் வழி மறிக்கும் வாயுவை எட்டுவதற்கு முன்பே ஓர் எல்லையில் தடாலென்று வேகம் இழக்கிறது. அந்த எல்லைக்கு அதிர்ச்சி அலை என்று பெயர்.

வாயுவைப் பொறுத்தவரை வெப்பநிலை என்பது துகள்கள் எவ்வளவு வேகமாகத் தாறுமாறாக அலைகின்றன என்பதன் அளவு. காற்றாக வரும்போது எல்லாத் துகள்களும் ஒரே திசையில், ஒரே வேகத்தில் வருகின்றன. அது வேகம் மட்டுமே, சூடு அல்ல. அதிர்ச்சி அலையில் ஒன்றோடொன்று சிதறி ஆளுக்கொரு திசையில் அலையத் தொடங்கியதும் அதே ஆற்றல் சூடாகிவிடுகிறது. எவ்வளவு சூடு என்பது வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. வினாடிக்கு 1,000 கிலோமீட்டரில் வரும் வாயு முட்டி நின்றால் ஏறத்தாழ 1.4 கோடி டிகிரி. 1,400 கிலோமீட்டரில் வந்தால் 2.7 கோடி டிகிரி. தொடக்கத்தில் சொன்ன கணக்கு இதுதான். இதில் சர்ச்சைக்கு இடமே இல்லை. ஆற்றல் அழியாது என்ற ஒரே விதியிலிருந்து வருவது.

இடையில் ஒரு விளக்கம். இத்தனை கோடி டிகிரி வாயுவுக்குள் கையை நீட்டினால் என்ன ஆகும்? அந்தச் சூட்டால் கை சுடாது. தொடுவதற்கு அங்கே கிட்டத்தட்ட எதுவுமே இல்லை. நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் இரண்டரைக் கோடி கோடியை ஒரு லட்சத்தால் பெருக்கினால் எத்தனையோ அவ்வளவு மூலக்கூறுகளுக்கு நெருக்கமாக இருக்கும். கூட்டின் வாயுவில் சில ஆயிரம் துகள்கள். குமிழிக்குள் ஐம்பது, நூறு. ஒவ்வொரு துகளும் பயங்கர வேகத்தில் போகிறது, எண்ணிக்கைதான் சொற்பம். ஆனாலும் இந்த மெலிந்த வாயு கூட்டை உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கிறது. கூட்டைவிட வெப்பம் சில நூறு மடங்கு அதிகம், அடர்த்தி சுமார் நூறு மடங்கு குறைவு. அழுத்தம் என்பது இரண்டின் பெருக்கல் என்பதால் ஏறத்தாழ சமன், உள்பக்கம் சற்று கூடுதல். அந்தக் கூடுதல்தான் கூட்டை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. 1994-இலும் மூன்று ஆண்டுகள் கழித்தும் ஹபிள் எடுத்த படங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது கூடு விரிவது கண்கூடாகத் தெரிந்தது. அந்த வேகத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் உள்கூட்டின் வயது சுமார் ஆயிரம் ஆண்டுதான். ராஜராஜன் தஞ்சையில் கோயில் எழுப்பிய காலத்தையொட்டித் தொடங்கியது என்று வைத்துக்கொள்ளலாம், அந்த ஒளி வந்து சேர எடுத்துக்கொண்ட 3,000 சொச்சம் ஆண்டுகளைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

எக்ஸ் கதிர் எதற்கு

எந்தப் பொருளும் சூடாகச் சூடாக அது வெளியிடும் ஒளியின் அலைநீளம் குறைந்துகொண்டே போகும். சில ஆயிரம் டிகிரியில் கண்ணுக்குத் தெரியும் ஒளி, சுமார் 500 நானோமீட்டர். சில பத்தாயிரம் டிகிரியில் புற ஊதா. பதினேழு லட்சம் டிகிரி என்றால் 2 நானோமீட்டருக்கும் குறைவு. அது எக்ஸ் கதிர். மருத்துவமனையில் எலும்பைப் படம் எடுப்பதைவிட ஆற்றல் குறைந்த, மென்மையான ரகம். ஆகவே குமிழியை ஹபிள் எத்தனை நாள் உற்றுப் பார்த்தாலும் தெரியாது. அங்கே ஒளி இல்லாமல் இல்லை. ஹபிளின் கண்ணுக்கு எட்டாத ஒளி.

அந்த ஒளியைப் பிடிப்பதில் இரண்டு தொல்லைகள். ஒன்று, பூமியின் காற்று மண்டலம் எக்ஸ் கதிரை முழுவதுமாக விழுங்கிவிடும். நமக்கு நல்லது, வானியலாளருக்குக் கெட்டது. ஆகவே கருவியை விண்வெளிக்கு அனுப்பியாக வேண்டும். 1962-இல் ஒரு ராக்கெட் சில நிமிடங்கள் மட்டும் மேலே போய் வந்ததில்தான் சூரிய மண்டலத்துக்கு வெளியிலிருந்து வரும் எக்ஸ் கதிர் முதன்முதலாகச் சிக்கியது. அந்தக் குழுவை நடத்திய ரிக்கார்டோ ஜியக்கோனிக்கு 2002-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாவது தொல்லை கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியில் எக்ஸ் கதிர் நேராக விழுந்தால் திரும்பாது, உள்ளே புகுந்து மறைந்துவிடும். கண்ணாடிப் பரப்பை உரசிக்கொண்டு போவதுபோல மிகச் சிறிய கோணத்தில் விழுந்தால் மட்டும் திரும்பும். அதனால் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் ஆடி கிண்ணம் போல இருப்பதில்லை. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய உருளைகள் போல இருக்கும். இதைத் துல்லியமாகச் செய்வது பெரும்பாடு. 1990-இல் ஏவப்பட்ட ஜெர்மனியின் ரோசாட் செயற்கைக்கோள் சில கோள் நெபுலாக்களிலிருந்து எக்ஸ் கதிர் வருவதைப் பிடித்தது. ஆனால் அதன் பார்வைக் கூர்மைக்கு, வருவது நடுவில் இருக்கும் விண்மீனிலிருந்தா, சுற்றியுள்ள வாயுவிலிருந்தா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. குமிழி இருக்கிறதா இல்லையா என்பது அந்தப் பிரிப்பில்தான் அடங்கியிருந்தது.

1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்கலத்தில் கிளம்பிய சந்திரா என்ற எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி அந்தப் பிரச்சினையைத் தீர்த்தது. பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகருடையது. 1910-இல் லாகூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியிலேயே வெள்ளைக் குள்ளன் விண்மீன்களின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன்கள்) எடைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்ற கணக்கைப் போட்டவர். பெயர் பொருத்தம் நன்றாகவே அமைந்துவிட்டது: பூனைக்கண்ணின் நடுவில் இருக்கும் விண்மீன் கடைசியில் ஆகப்போவதும் வெள்ளைக் குள்ளன்தான். சந்திராவின் பார்வைக் கூர்மை அரை வில்நொடி (ஒரு டிகிரியை 3,600 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு வில்நொடி). பூனைக்கண்ணின் உள்கூடு இருபது வில்நொடிக்கு அருகில். விண்மீனையும் வாயுவையும் தாராளமாகப் பிரித்துவிடலாம்.

எண்ணி எண்ணிப் படிப்பது

2000 மே மாதம் சந்திரா ஏறத்தாழ 13 மணி நேரம் பூனைக்கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது. யூ-ஹுவா சூ தலைமையிலான இலினாய் பல்கலைக்கழகக் குழுவின் வேலை அது. விளைவு தெளிவு: நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி, முட்டை வடிவக் கூட்டின் உள்பக்கத்தை நிரப்பிக்கொண்டு பரவலான ஒளி. கூட்டின் சுவரைத் தாண்டி அது கசியவில்லை. நீள அச்சின் இரு முனைகளில் மட்டும் சற்று நீண்டிருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்கில் மட்டும் இருந்த குமிழி கண்ணெதிரே வந்தது.

ஹபிள், சந்திரா இரண்டின் தரவையும் சேர்த்து உருவாக்கி இணையத்தில் உலவும் படத்தில் அந்தப் பகுதி நீலமாகவோ ஊதாவாகவோ இருக்கும். அந்த நிறம் நாம் பூசியது. எக்ஸ் கதிருக்கு நமக்குத் தெரிந்த நிறம் கிடையாது. இந்தப் படங்களைப் பகிர்பவர்கள் பெரும்பாலும் அழகோடு நின்றுவிடுகிறார்கள். என் பார்வையில் அதைவிட ருசியான பகுதி, படம் உண்டாகும் விதம்.

கேமராவில் விழும் சாதாரண ஒளித்துகள் ஒன்று சிலிக்கானில் ஓர் எலக்ட்ரானை விடுவிக்கும். எக்ஸ் கதிரின் ஒளித்துகளுக்கு ஆற்றல் அதிகம் என்பதால் ஒன்றே ஒன்று நூற்றுக்கணக்கான எலக்ட்ரான்களை விடுவிக்கும். எத்தனை விடுபட்டன என்று எண்ணினால் அந்த ஒற்றைத் துகளின் ஆற்றல் தெரிந்துவிடும். ஆகவே சந்திராவின் தரவு என்பது உண்மையில் படம் அல்ல, பட்டியல்: இந்த இடத்தில், இந்த நேரத்தில், இவ்வளவு ஆற்றலோடு ஒரு துகள் வந்தது என்று வரிசையாக எழுதிய பேரேடு. 13 மணி நேரத்தில் பூனைக்கண்ணிலிருந்து வந்தவை எண்ணிவிடக்கூடிய அளவு துகள்கள்தான். அவற்றை ஆற்றல்வாரியாக அடுக்கினால் நிறமாலை கிடைக்கும்.

அந்த நிறமாலையில் மறுபடியும் நம் ஆக்சிஜன். கூட்டில் இரண்டு எலக்ட்ரானை இழந்து பச்சையாக ஒளிர்ந்த அதே தனிமம் குமிழிக்குள் ஆறு எலக்ட்ரானை இழந்து நிற்கிறது. மிச்சம் இருப்பது கருவை ஒட்டிய இரண்டே இரண்டு. துகள்கள் எவ்வளவு வேகமாக மோதுகின்றனவோ அவ்வளவு எலக்ட்ரான்கள் கழன்றுபோகும். எத்தனை கழன்றிருக்கின்றன என்பதே வெப்பமானி. பத்து இருபது லட்சம் டிகிரியில் ஆறு கழலும். முப்பது லட்சத்தை ஒட்டிப்போனால் ஏழாவதும் கழன்று, வேறோர் ஆற்றலில் கோடு தோன்றும். கோடி டிகிரியைத் தாண்டினால் ஆக்சிஜனிடம் எலக்ட்ரானே மிஞ்சாது, அதன் கோடுகளே காணாமல் போய்விடும். பூனைக்கண்ணின் நிறமாலைக்குப் பொருந்திவந்த வெப்பநிலை 17 லட்சம் டிகிரி.

நடுவில் தெரிந்த புள்ளியும் ஒரு புதிர்தான். மைய விண்மீனின் மேற்பரப்பு ஏறத்தாழ 60 ஆயிரம் டிகிரி. அந்தச் சூட்டில் இவ்வளவு ஆற்றலுள்ள எக்ஸ் கதிர் வர வழியில்லை. காற்றுக்குள்ளேயே வேகமான பகுதி மெதுவான பகுதியை முட்டுவதால் வரலாம், அல்லது கண்ணுக்குத் தெரியாத துணை விண்மீன் ஒன்று இருக்கலாம்.

மீதிச் சூடு

இரண்டு கோடியே எழுபது லட்சம் எதிர்பார்த்த இடத்தில் பதினேழு லட்சம். காற்றின் வேக அளவில் பத்து இருபது விழுக்காடு பிசகியிருக்கலாம் என்று சமாளிக்க முடியாத இடைவெளி இது. வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் வெப்பம் நான்கில் ஒரு பங்காகத்தான் குறையும்; அப்போதும் ஏறத்தாழ நான்கு மடங்கு வித்தியாசம் நிற்கும்.

பெரும்பாலானோர் முதலில் நீட்டும் விரல் வெப்பக் கடத்தலை நோக்கி. குமிழியின் சூடான வாயுவும் கூட்டின் குளிர்ந்த வாயுவும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எலக்ட்ரான்கள் எடை குறைந்தவை, வேகமானவை. சூடான பக்கத்திலிருந்து ஓடிப்போய்க் குளிர்ந்த பக்கத்தைச் சூடாக்குகின்றன. கூட்டின் உள்சுவர் ஆவியாகிக் குமிழிக்குள் கலக்கிறது. அதே ஆற்றலை இப்போது அதிகமான துகள்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. தலைக்குக் கிடைக்கும் சூடு குறைகிறது.

இதில் எளிதாகத் தவறவிடக்கூடிய ஒரு நுணுக்கம் உண்டு. மெலிந்த வாயு வெளியிடும் எக்ஸ் கதிரின் அளவு அடர்த்தியின் இருமடியைப் பொறுத்தது. பத்து மடங்கு அடர்த்தி என்றால் நூறு மடங்கு வெளிச்சம். ஆகவே நாம் அளப்பது குமிழியின் சராசரி வெப்பம் அல்ல. சுவரை ஒட்டிய, சற்றே ஆறி அடர்ந்துபோன விளிம்பின் வெப்பம்தான் நமக்கு வந்து சேர்கிறது. நடுப்பகுதியில் கோடி டிகிரி வாயு இருந்தாலும் அது அவ்வளவு மெலிதாக இருப்பதால் சந்திராவின் பேரேட்டில் ஏறக்குறைய பதிவாகாது. காணாமல் போன சூடு எங்கும் போகாமல் அங்கேயே, நம் கண்ணில் படாமல் இருக்கலாம்.

வெப்பக் கடத்தலுக்கு ஒரு முட்டுக்கட்டை காந்தப்புலம். எலக்ட்ரான்கள் காந்தக் கோடுகளின் வழியாகத்தான் சுலபமாக ஓட முடியும். குறுக்கே ஓடுவது கடினம். நெபுலாவில் சொற்பமான காந்தப்புலம் சரியான திசையில் இருந்தாலே கடத்தல் அடங்கிவிடும். அப்படியானால் கடத்தலே தேவையில்லை, குமிழியின் எல்லை சுழிந்து கிழிந்து குளிர்ந்த வாயு அப்படியே உள்ளே கலந்துவிடுகிறது என்பது இன்னொரு தரப்பு. கணினி உருவகங்களில் இந்தக் கலப்பு மட்டுமே வெப்பத்தைப் போதுமான அளவு குறைத்துக் காட்டுகிறது. மூன்றாவது தரப்பு காலத்தைக் காட்டுகிறது: இன்று 1,400 கிலோமீட்டரில் வீசும் காற்று ஆயிரம் ஆண்டுக்கு முன் அவ்வளவு வேகமாக வீசியிருக்காது, குமிழிக்குள் இருப்பதில் பெரும்பங்கு அந்தப் பழைய, மெதுவான காற்றாக இருந்தால் குறைந்த வெப்பம் இயல்பானதே.

கடத்தலோ கலப்போ, இரண்டுக்கும் ஒரு சோதனை உண்டு. குமிழிக்குள் கூட்டின் வாயு வந்து சேர்ந்திருந்தால், அங்கே இருக்கும் தனிமங்களின் விகிதம் கூட்டை ஒத்திருக்க வேண்டும். வராமல் இருந்தால் விண்மீன் காற்றை ஒத்திருக்க வேண்டும். இந்தச் சோதனைக்கு வாகான நெபுலா சிக்னஸ் விண்மீன் கூட்டத்தில் இருக்கிறது: பிடி+30 3639. அதன் மைய விண்மீன் வீசும் காற்றில் கார்பன் கொட்டிக்கிடக்கிறது. கூட்டில் அப்படி இல்லை. சந்திராவின் நுண்ணிய நிறமாலைக் கருவியைக் கொண்டு நீண்ட நேரம் பார்த்ததில், 2009-இல் வெளியான முடிவு, குமிழிக்குள் கார்பனும் நியானும் மிகுந்திருக்கின்றன என்பது. அதாவது அங்கே இருப்பது காற்றின் பொருள். கூட்டின் பொருள் பெரிதாகக் கலக்கவில்லை. ஆனால் அங்கும் வெப்பம் முப்பது லட்சத்துக்குள்தான். கலந்ததால் ஆறியது என்ற விளக்கம் அங்கே சிரமப்படுகிறது. ஒரே புதிருக்கு ஒவ்வொரு நெபுலாவிலும் ஒவ்வொரு விடை இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

நேர்மாறான குழப்பமும் உண்டு. மிதுன ராசி மண்டலத்தில் இருக்கும் என்ஜிசி 2392 என்ற நெபுலாவின் மைய விண்மீன் வீசும் காற்று மிக மந்தம், வினாடிக்கு 300, 400 கிலோமீட்டர். (இதற்கு இருந்த பழைய செல்லப்பெயர் ஆர்க்டிக் மக்களைக் குறிக்கும் காலனிய காலத்துச் சொல் என்பதால் நாசா அதை 2020-இல் கைவிட்டது.) அந்த வேகத்துக்கு எக்ஸ் கதிர் சொற்பமாகத்தான் வர வேண்டும். வருவதோ ஒத்த நெபுலாக்களைவிட மிக அதிகம். நடுவில் இன்னொரு விண்மீன் ஒளிந்திருக்கிறது என்ற சந்தேகம் எழுந்தது. 2019-இல் தென்னாப்பிரிக்காவின் சால்ட் தொலைநோக்கி வழியாக அது உறுதியானது: மைய விண்மீன் கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்றோடு 1.9 நாளுக்கு ஒருமுறை சுற்றிவருகிறது. எக்ஸ் கதிரில் கண்ட ஒரு பொருந்தாத எண் சாதாரண ஒளியில் ஒரு விண்மீனைத் தேட வைத்தது.

எல்லாக் கோள் நெபுலாக்களிலும் இந்தக் குமிழி தெரிவதில்லை. சந்திராவைக் கொண்டு ஏறத்தாழ 5,000 ஒளியாண்டுக்குள் இருக்கும் 35 நெபுலாக்களை ஆராய்ந்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றில்தான் பரவலான எக்ஸ் கதிர் கிடைத்தது. அவையும் பெரும்பாலும் இளையவை, கச்சிதமானவை, கூடு உடையாதவை. வயதாகும்போது கூடு விரிந்து கிழிகிறது, உள்ளே இருக்கும் வாயு மெலிகிறது. அடர்த்தியின் இருமடிக் கணக்குப்படி வெளிச்சம் வேகமாக மங்கிவிடுகிறது. ஆக, பூனைக்கண்ணை நாம் பார்ப்பது சரியான தருணத்தில். திசையும் வசதியானது: பால்வீதியின் தூசுப்பட்டையிலிருந்து விலகி இருப்பதால், மென்மையான எக்ஸ் கதிரை வழியில் விழுங்குவதற்கு அதிகம் ஒன்றும் இல்லை.

இனி என்ன தேவை என்பது தெரிந்ததுதான்: சந்திரா அளவுக்குக் கூர்மையும், ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியாகப் பிரிக்கும் நுணுக்கமும் ஒரே கருவியில். விளிம்பின் வெப்பம் வேறு, நடுவின் வெப்பம் வேறு என்று காட்டிவிட்டால் வழக்கு பாதி முடிந்துவிடும். 2023 செப்டம்பரில் ஜப்பான் ஏவிய எக்ஸ்ரிசம் செயற்கைக்கோளில் நுணுக்கம் இருக்கிறது. கூர்மை இல்லை, பூனைக்கண் முழுவதும் அதற்கு ஒரே புள்ளி. போதாக்குறைக்கு அதன் முக்கியக் கருவிக்கு முன்னால் இருக்கும் மூடி விண்வெளியில் திறக்க மறுத்துவிட்டது. கடின எக்ஸ் கதிர் அந்த மூடியைத் துளைத்து உள்ளே போகிறது. இந்த நெபுலாக்கள் வெளியிடும் மென்மையான ரகம் போவதில்லை. சந்திரா இன்னும் வேலை செய்கிறது, ஆனால் கால் நூற்றாண்டில் அதன் கேமராவின் வடிகட்டி மேல் மெல்லிய அழுக்கு படிந்து, அது தடுப்பதும் இதே மென்மையான கதிரைத்தான். 2000 மே மாதத்தில் 13 மணி நேரத்தில் கிடைத்த துகள்களை அதே கருவியால் இன்று அதே நேரத்தில் சேர்க்க முடியாது. பூனைக்கண்ணைப் பற்றி எழுதுபவர்கள் இன்னமும் அந்தப் பழைய பேரேட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டுவதற்கு இது ஒரு காரணம்.